பெருங்கோள் உதிக்காத உலகம்: விண்வெளிக் கதைகளின் புனிதக் கோள் எப்படி இயங்கும்?

விண்வெளிக் கதைகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். பாறைமேல் பழைய கோவில். படிக்கட்டு நிறைய யாத்திரிகர்கள். பின்னால், பட்டை பட்டையாக நிறம் கொண்ட பெருங்கோள் ஒன்று வானத்தை அடைத்துக்கொண்டு மெல்ல எழுகிறது. அன்றைக்குக் கிரகணம், அதுவும் ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் வரும் கிரகணம். காட்சி அழகுதான். ஆனால் அந்தப் பெருங்கோள் எழாது. அந்தக் கிரகணம் அரிதாகவும் இருக்காது. கோவில் இருக்கவேண்டிய இடமே வேறு.

பல உலகங்கள், பல அரசுகள், தலைமுறை தாண்டும் போர்கள் என விரிந்த களத்தில் நடக்கும் கதைவகையை ஸ்பேஸ் ஓபரா என்கிறோம். அதில் வரும் புனிதக் கோள் என்பது, எல்லா உலகத்து மக்களும் வாழ்நாளில் ஒருமுறையாவது போய்வர ஆசைப்படும் இடம். கோள் என்று சொன்னாலும் பெரும்பாலும் அது ஒரு பெருங்கோளைச் சுற்றும் துணைக்கோளாகவே வரையப்படுகிறது. இந்தக் கட்டுரையும் அந்த வகையைப் பற்றியதுதான். கோள் முழுவதும் ஒரே கோவில், எங்கே நின்றாலும் ஒரே புனிதம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் இப்படிப்பட்ட உலகில் எங்கே நிற்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கன்னியாகுமரிக்காரர்களுக்கு இது விளங்கக் கடினமாக இருக்காது.

முக்கடல் முனையில் ஒரு பௌர்ணமி மாலை

சித்ரா பௌர்ணமி அன்று கன்னியாகுமரியில் கூட்டம் அலைமோதும். மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே முழுநிலவு ஏறும். ஓரிடத்தில் நின்றபடியே இரண்டையும் பார்க்கலாம். இது சித்திரையில் மட்டும் நடக்கும் அதிசயம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. பௌர்ணமி என்றாலே நிலவு சூரியனுக்கு நேர் எதிரே நிற்கிறது என்றுதான் பொருள். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறியே தீரும். மாதந்தோறும், உலகின் பெரும்பாலான ஊர்களில், இதே நிகழ்ச்சி நடக்கிறது. நிலவு நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிப்பதால், சரியான பௌர்ணமி நேரம் மாலையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதற்கேற்ப உதயம் சில நிமிடங்கள் முன்னேயோ பின்னேயோ போகும். அவ்வளவுதான்.

அப்படியென்றால் குமரிமுனைக்கு என்ன தனிச்சிறப்பு? தொடுவானம். மற்ற ஊர்களில் கிழக்கிலோ மேற்கிலோ மலையோ தென்னந்தோப்போ கட்டடமோ மறைக்கும். நிலவு அவற்றைத் தாண்டி மேலே வருவதற்குள் சூரியன் போய்விட்டிருக்கும். நிலம் கூராக முடிகிற முனையில் இரண்டு பக்கமும் கடல். சித்திரை மாதத்துக்கு உள்ள வசதி, ஜூனில் தென்மேற்குப் பருவமழை மேகம் சூழ்வதற்கு முன்பே அது வந்துவிடுவது. வானத்தில் நடப்பது எல்லோருக்கும் பொது. அதை முழுதாகக் காட்டும் இடம்தான் அரிது. புனிதக் கோளுக்கும் இதுவே அடிப்படை.

சுருக்கமாக: சூரியனும் நிலவும் எதிரெதிரே வருவது பௌர்ணமிதோறும் நடக்கிறது. அதை ஒரே இடத்தில் காட்டுவது அந்த இடத்தின் நில அமைப்பு.

பெருங்கோள் ஏன் உதிப்பதில்லை?

இப்போது நாம் நிற்கும் உலகம் ஒரு துணைக்கோள் என்று வைத்துக்கொள்வோம். வியாழனைப் போன்ற வாயுப் பெருங்கோள் ஒன்றை அது சுற்றிவருகிறது.

பெருங்கோளுக்கு அருகே சுற்றும் பெரிய துணைக்கோள்கள் ஏறத்தாழ எல்லாமே ஒரே முகத்தை அதன் பக்கம் திருப்பியபடி சுற்றுகின்றன. கோவிலில் வலம் வருகிற ஒருவர், முகத்தைக் கருவறையின் பக்கமே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் அடியெடுத்து நகர்வதாக நினைத்துப்பாருங்கள். ஒரு சுற்று முடிவதற்குள் அவர் தன்னைத்தானேயும் ஒருமுறை திரும்பி முடித்திருப்பார். நான்கு மதில்களும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகக் கடந்துபோகும். கருவறை மட்டும் எப்போதும் கண்ணெதிரே இருக்கும். இந்த நிலைக்கு ஈர்ப்புப் பூட்டு என்று பெயர். நம் நிலவு பூமிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதும் இதனால்தான்.

காரணம் ஈர்ப்பு விசையின் ஏற்றத்தாழ்வு. பெருங்கோளுக்கு அருகில் இருக்கும் பக்கம் வலுவாகவும் தொலைவில் இருக்கும் பக்கம் வலுக்குறைவாகவும் இழுபடுவதால், துணைக்கோள் இரு முனையிலும் சற்று நீளும். வேகமாகத் தற்சுழற்சி செய்தால் அந்தப் புடைப்பு பெருங்கோளின் திசையைத் தாண்டிப்போகும். பெருங்கோள் அதைப் பின்னுக்கு இழுக்கும். இந்த இழுபறியில் சுழற்சி குறைந்துகொண்டே வந்து, சுற்றும் காலமும் சுழலும் காலமும் ஒன்றாகும்போது நிலைத்துவிடும்.

இதன் விளைவைப் பல எழுத்தாளர்கள் தவறவிடுகிறார்கள். பூட்டப்பட்ட உலகின் வானத்தில் சூரியன் உதித்து மறையும், விண்மீன்கள் உதித்து மறையும், பெருங்கோள் மட்டும் அசையாது. தலைக்கு மேலே இருந்தால் என்றைக்கும் தலைக்கு மேலேதான். தொடுவானத்தில் பாதி மூழ்கியிருந்தால் என்றைக்கும் அப்படியேதான். வளரும், தேயும், இருளும், ஆனால் இடம் மாறாது. அது தலைக்கு மேலே ஏறவேண்டுமென்றால் மனிதர்தான் நடக்கவேண்டும். யாத்திரை என்ற ஒன்று அங்கே ஏன் பிறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஒரு மாதிரி உலகம்

கணக்கோடு பார்த்தால் தெளிவாகும். நம் புனித உலகின் சுற்றளவு 20,000 கி.மீ. என்று வைப்போம், பூமியில் ஏறத்தாழ பாதி. வியாழனிலிருந்து அதன் துணைக்கோள் ஐரோப்பா சுற்றும் தூரமான 6,71,000 கி.மீ.யிலேயே இதையும் வைப்போம். ஒரு சுற்றுக்கு 85 மணி. பூட்டு இருப்பதால் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த நாளும் 85 மணிதான்.

அந்தத் தூரத்தில் வியாழனின் அகலம் வானத்தில் 12 பாகை. பாகை என்பது வானத்தில் தூரம் அளக்கும் கோண அளவு. நம் நிலவு அரை பாகைதான். ஆக, நிலவைவிட 24 மடங்கு அகலம், பரப்பில் 500 மடங்குக்கும் மேல். தரையில் 1 பாகைக்கு 55 கி.மீ.க்குச் சற்று அதிகம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த உலகை மூன்றாகப் பிரிக்கலாம். பெருங்கோளைப் பார்த்த முகத்தின் நடுவில் அது உச்சியில் நிற்கும். அங்கே நள்ளிரவில் பெருங்கோள் முழுவட்டம். நடுப்பகலில் சூரியன் அதன் பின்னால் போய் மூன்று மணி நேரம் மறைந்துவிடும். இது ஒவ்வொரு நாளும் நடக்கும். ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் கிரகணம் என்று அந்த ஊர்க்காரரிடம் சொன்னால் அவருக்குப் புரியாது. அவருக்கு அது மத்தியான இருட்டு.

மறுமுகத்தில் பெருங்கோள் தென்படவே தென்படாது. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள், பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே, பெருங்கோளைத் தொடுவானம் சரிபாதியாக வெட்டும் வளையம் ஒன்று துருவம் வழியாக உலகைச் சுற்றி ஓடும். அதுதான் விளிம்பு. கோவில் இருக்கவேண்டிய இடம் அது.

விளிம்பில் ஒரு மாலை

விளிம்பு வளையத்தைத் துருவங்கள் இரண்டு அரைகளாகப் பிரிக்கும். ஒவ்வொன்றும் 10,000 கி.மீ. நீளம். ஓர் அரையில் நின்றால் பெருங்கோள் கிழக்குத் தொடுவானத்தில் பாதி தெரியும். இதை உதய விளிம்பு என்போம். இன்னொன்றில் மேற்குத் தொடுவானத்தில் பாதி தெரியும். இது அத்தமன விளிம்பு. இரண்டிலும் காட்சி வேறு, ஆகவே வழிபாடும் வேறாகத்தான் இருக்கும்.

அத்தமன விளிம்பில் சூரியன் மேற்கே இறங்கும் வழியில் பெருங்கோளின் மேல்வளைவைத் தொடும். தொடுவானத்துக்கு 6 பாகை மேலேயே மறைந்துவிடும். அதாவது தரையைத் தொடவேண்டிய நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி முன்பே. அந்த ஊரில் யாரும் கடலில் சூரியன் இறங்கிப் பார்த்ததில்லை. சூரியன் பெருங்கோளுக்குள் போகிறது என்றுதான் அவர்களுடைய கதைகள் சொல்லும்.

உதய விளிம்பில் காலைச் சூரியன் பெருங்கோளுக்குள்ளிருந்து வெளிப்படும். மாலையில் நடப்பதோ நம் குமரிமுனைக் காட்சியேதான். சூரியன் மேற்கே இறங்கும். கிழக்கே, அதற்கு நேர் எதிரே, பெருங்கோள் முழு ஒளியோடு அரைவட்டமாகத் தொடுவானத்தில் அமர்ந்திருக்கும். மேற்கு முடிந்த கணத்தில், அந்த அரைவட்டத்தின் அடியில், தரையை ஒட்டி, ஒரு கரும்புள்ளி தோன்றும். நம் நிலவைவிடச் சிறியது. அது மெல்ல மேலேறும். ஒன்றரை மணி நேரத்தில் பெருங்கோளின் உச்சி வளைவை அடைந்து கரைந்துபோகும்.

அந்தப் புள்ளி, யாத்திரிகர்கள் நிற்கும் உலகத்தின் நிழல். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் அவர்களுடைய உலகின் நிழல் எதிரே இருக்கும் பெருங்கோள்மேல் விழுகிறது. நிழல் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியில் இருக்கும். சூரியன் எவ்வளவு கீழே போகிறதோ நிழல் அவ்வளவு மேலே வரும். வியாழன்மேல் அதன் துணைக்கோள்களின் நிழல் நகர்வதைப் பூமியிலிருந்தே தொலைநோக்கியில் பார்க்கலாம். இந்த இயற்பியலில் கற்பனை எதுவும் இல்லை. தங்கள் உலகமே எதிரே ஒரு புள்ளியாக ஏறுவதைப் பார்க்கும் மக்களுக்கு அது ஏன் புனிதமான நேரம் என்று எந்த எழுத்தாளரும் விளக்கவேண்டியதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. பெருங்கோளின் பட்டைகள் நடுக்கோட்டுப் பகுதியில் நின்று பார்த்தால் செங்குத்தாக நிற்கும். துருவத்தை நோக்கி நடக்க நடக்கச் சாயும். துருவத்தில் படுத்துவிடும். பட்டையின் சாய்வை வைத்தே எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே வந்திருக்கிறோம் என்று கணித்துவிடலாம். விளிம்புவாசிகளுக்குத் திசைமானி வேண்டாம்.

இதுவரை பார்த்தது: பெருங்கோள் இடம் மாறாது. நடுவில் அது உச்சியில் நிற்கும், மறுமுகத்தில் இல்லை, விளிம்பில் பாதி. சூரியனும் முழு ஒளி பெற்ற பெருங்கோளும் எதிரெதிர்த் தொடுவானங்களில் நிற்பது விளிம்பில் மட்டும்தான்.

நடந்துபோனால் எத்தனை நாள்?

மறுமுகத்திலிருந்து கிளம்பும் யாத்திரிகர் விளிம்பை நெருங்கும்போது முதலில் ஒரு கீற்று தெரியும். அங்கிருந்து பெருங்கோள் முழுவதும் தொடுவானத்துக்கு மேல் வர 12 பாகை நடக்கவேண்டும். 12 பெருக்கல் 55.5, ஏறத்தாழ 670 கி.மீ. நம் 24 மணி நேரத்துக்கு 25 கி.மீ. நடந்தால் 27 நாள். அந்த உலகத்து நாளில் ஏழரை.

ஒவ்வொரு பாகைக்கும் ஒரு தங்குமிடம், ஒரு சிறு கோவில் என்று வைத்தால் பன்னிரண்டு கோவில்கள் வரும். கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் சிவாலய ஓட்டம் நினைவுக்கு வரும். மகாசிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை, கையில் விசிறியோடு, "கோவிந்தா, கோபாலா" என்ற முழக்கத்தோடு, 100 கி.மீ.க்கு மேல் ஓடியும் நடந்தும் பன்னிரண்டு சிவாலயங்களையும் தரிசிப்பார்கள். அந்த வழிபாட்டில் கோவில்களின் வரிசைக்கும் மதிப்பு உண்டு. எந்தக் கோவிலுக்குப் பின் எந்தக் கோவில் என்பது மாறாது. விளிம்பு யாத்திரையிலும் அப்படித்தான். விண்கலத்தில் நேராக விளிம்பில் போய் இறங்கிவிடலாம், ஆனால் கீற்று அரைவட்டமாகி முழுவட்டமாவது நடந்தவருக்கு மட்டும் தெரியும். இதை உணர்ந்து எழுதும் கதையில், இறங்குதளம் விளிம்பிலிருந்து தள்ளி, மறுமுகத்தில்தான் இருக்கும்.

சுற்றுப்பாதை சரியான வட்டமாக இல்லாமல் சற்று நீள்வட்டமாக இருந்தால், பெருங்கோள் நின்ற இடத்திலேயே லேசாக ஊசலாடும். நம் நிலவிலும் இந்த ஊசலாட்டம் உண்டு. அதனால்தான் நிலவின் பரப்பில் 59 சதவீதம் வரை பூமியிலிருந்து காலப்போக்கில் பார்க்க முடிகிறது. நம் மாதிரி உலகில் ஒரு பாகை ஊசலாட்டம் இருந்தாலே, கீற்று தெரியும் எல்லையில் உள்ள கடைசி ஊருக்கு 85 மணிக்கு ஒருமுறை பெருங்கோள் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். உதயம் என்ற சொல் பெருங்கோளுக்குப் பொருந்தும் ஒரே இடம் அதுதான்.

திருவிழா எப்போது வரும்?

தினமும் நடக்கும் கிரகணத்துக்கு யாரும் தேர் இழுக்க மாட்டார்கள். அரிய திருவிழா வேண்டுமென்றால் அதற்கேற்ற பெருங்கோளைத் தேர்ந்தெடுக்கவேண்டும். நம் சூரியக் குடும்பத்திலேயே மூன்று மாதிரிகள் இருக்கின்றன.

வியாழனின் அச்சுச் சாய்வு 3 பாகைதான். ஐரோப்பா போல அருகில் சுற்றும் துணைக்கோளுக்குச் சூரியன் ஒவ்வொரு சுற்றிலும் தப்பாமல் மறையும். தொலைவில் சுற்றும் கலிஸ்டோவிலிருந்து பார்த்தால் வியாழன் 4 பாகை சொச்சம்தான் அகலம். அதனால் சில காலம் சூரியன் வியாழனுக்கு மேலோ கீழோ ஒதுங்கிப் போய்விடும். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கிரகணங்கள் தொடர்ந்து வரும், அடுத்த மூன்று ஆண்டுகள் ஒன்றும் வராது. சனியின் சாய்வு 26.7 பாகை. அதன் துணைக்கோள் டைட்டனில், சனிக்கு இரவும் பகலும் சமமாகும் காலத்தை ஒட்டி மட்டும் கிரகணம் நிகழும். அப்படிப்பட்ட காலம் 2009இல் வந்தது, பிறகு 2025இல் வந்தது. கும்பகோணத்து மகாமகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை என்றால் இது ஏறத்தாழ 15 ஆண்டுக்கு ஒருமுறை. டைட்டனில் ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் அடர்ந்திருப்பதால் தரையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. கதைக்குத் தெளிந்த வானம் தரவேண்டும்.

ஆண்டுத் திருவிழாவுக்கும் இதே விதிதான். கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 நண்பகலில் கூரைத் துளை வழியே சூரிய ஒளி அஸ்தி வைத்த பீடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். இது சாத்தியமானதற்குக் காரணம் பூமியின் 23.4 பாகைச் சாய்வு. நண்பகல் சூரியனின் உயரம் நாள்தோறும் மாறுகிறது. (மார்ச் இரண்டாம் வாரத்திலும் சூரியன் அதே உயரத்துக்கு ஒருமுறை வந்துபோகும்.) சாய்வில்லாத பெருங்கோளைச் சுற்றும் துணைக்கோளில் சூரியன் நாள் தவறாமல் ஒரே பாதையில் போகும். அங்கே இப்படி ஒரு மண்டபம் கட்டினால் ஒளி தினமும் விழும். ஆண்டுக்கு ஒருநாள் கருவறையில் ஒளி விழும் கோவிலை எழுத விரும்புபவர், பெருங்கோளைச் சாய்த்தாகவேண்டும். அதிகம் சாய்த்தால் தினசரிக் கிரகணம் போய்விடும். இரண்டையும் ஒரே உலகில் வைக்கவேண்டுமென்றால் சாய்வு சிறிதாகவே இருக்கவேண்டும்.

எங்கே தவறுகிறது?

கதிர்வீச்சைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வியாழனின் காந்தப்புலத்தில் சிக்கிய மின்னூட்டத் துகள்களால் ஐரோப்பாவின் பரப்பில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5.4 சீவர்ட் கதிர்வீச்சு விழுகிறது. சீவர்ட் என்பது கதிர்வீச்சு உடலுக்குச் செய்யும் கேட்டின் அளவு. பாதுகாப்பில்லாத மனிதர்மேல் ஒரு நாள் பட்டாலே பின்னால் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு அது. ஐரோப்பாவைவிடத் தள்ளிச் சுற்றும் துணைக்கோளான கானிமீடில் 0.08ஆகக் குறைகிறது, கலிஸ்டோவில் மிக மிகச் சொற்பம். தள்ளிப்போனால் பாதுகாப்பு கூடும், ஆனால் பெருங்கோள் சிறுத்துவிடும். கானிமீடில் 7.6 பாகைதான். வானம் நிறைய வேண்டுமென்றால் அடர்ந்த காற்றுமண்டலம் தந்தாகவேண்டும்.

கடல் அடுத்தது. வெளுத்த வாவும் (பௌர்ணமி) கறுத்த வாவும் (அமாவாசை) கடலை என்ன செய்யும் என்று நம் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தில், இவ்வளவு பெரிய கோள் தலைமேல் நின்றால் அலை மலைபோல் எழும் என்று எழுதிவிடுகிறார்கள். பெருங்கோள் அசையாததால் கடலின் புடைப்பும் அசையாது, ஒரே இடத்தில் நிற்கும். பாதை நீள்வட்டமாக இருந்தால்தான் ஏற்றமும் வற்றமும் வரும். அதுவும் நாளுக்கு இருமுறை கிடையாது, 85 மணிக்கு ஒருமுறை. பெருங்கோளின் எடை பெரிது என்பதால் சிறு நீள்வட்டமும் பல மீட்டர் ஏற்றத்தைத் தரலாம்.

கடைசியாகப் புனிதப் பொருள். ஏறக்குறைய எல்லாப் புனிதக் கோளிலும் வேறெங்கும் கிடைக்காத கல்லோ படிகமோ ஒன்று இருக்கும். அது ஏன் அங்கே மட்டும் கிடைக்கிறது என்பதற்குக் காரணம் தராவிட்டால் கதை நொண்டும். கன்னியாகுமரியின் பலநிற மணலைப் பாருங்கள். குமரி அம்மனின் திருமணம் நின்றுபோனபோது சமைக்காமல் கிடந்த அரிசியும் தானியங்களும் மணலாயின என்பது ஊர் வழக்கு. நிலவியல் சொல்வது, கடற்கரை மணலில் பெரும்பங்கான குவார்ட்ஸ் நீரைவிட 2.65 மடங்கு அடர்த்தி, செந்நிறக் கார்னெட் ஏறத்தாழ 4 மடங்கு, கறுப்பு இல்மனைட் 4.5க்கும் மேல், மோனசைட் 5 மடங்கு என்பது. அலை ஏறும்போது எல்லாவற்றையும் தூக்கிவருகிறது. இறங்கும்போது எடை குறைந்ததை இழுத்துப்போய், கனமானதைக் கரையில் விட்டுவிடுகிறது. மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை அமைந்ததும் அலை அப்படிப் பிரித்துச் சேர்த்ததால்தான். ஊர் வழக்கும் அலையும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அலை மணலைச் சேர்த்த இடத்தில்தான் கதையும் சேர்ந்திருக்கிறது.

நம் மாதிரி உலகின் விளிம்பில் கடற்கரை இருந்தால், 85 மணிக்கு ஒருமுறை பல மீட்டர் ஏறி இறங்கும் நீரும் காற்று எழுப்பும் அலைகளும் அகலமான கரை முழுவதும் மணலைச் சலித்துக்கொண்டிருக்கும். கனமான கரும்மணல் ஏற்றத்தின் மேல் எல்லையில் கோடாகப் படியும். எதிரே அரைவட்டத்தில் நிழற்புள்ளி ஏறும் நேரத்தில் யாத்திரிகர்கள் நிற்கும் இடமும் அந்தக் கோடாகவே இருக்கும்.